நாற்பது வார்த்தைக்குள் ஒரு வீடு

காலை ஏழு மணி. புகைப்படம் எடுக்க ஆள் வருவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. தெருவே 'டிப்ஸ்காரர்' என்று கூப்பிடும் அந்த மனிதர் கேட்டுக்கு வெளியே போய் நின்று, தன் வீட்டை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தார்.

கேட் முழுக்கத் துரு. நடைபாதைக் கற்களின் இடுக்கில் முழங்கால் உயரத்துக்குக் களை. கார் நிற்கும் இடத்தில் யானை படுத்து எழுந்த அளவுக்கு எண்ணெய்க் கறை. வாசற்படியோரம் எறும்பு ஊர்வலம், தலைவர் யாரென்றுதான் தெரியவில்லை.

வாரப் பத்திரிகையில் 'வீட்டுக்கு வெளியே' என்று கட்டம் கட்டி வரும் பகுதி அவருடையது. துரு, களை, கறை, பூச்சி எதுவானாலும் சமையலறைச் சாமானை வைத்தே விரட்ட வழி சொல்வார். நூறாவது வாரத்துக்கு அவர் வீட்டையே படம்பிடித்துப் போடுவதென்று ஆசிரியர் முடிவு கட்டியிருந்தார்.

"படம் நல்லா வந்தா முழுப் பக்கம். சொதப்பினா அந்த எடம் ராசிபலன்காரருக்கு. மனுஷன் ரெண்டு வருஷமா என் வாசல்லயே நிக்கிறார்" என்றிருந்தார்.

சிக்கல் இதுதான். வெளிவந்த தொண்ணூற்றொன்பது குறிப்புகளில் ஒன்றைக்கூட டிப்ஸ்காரர் செய்து பார்த்ததில்லை. பார்த்தவள் அவர் மனைவி. பெயின்ட் கடையில் வேலை செய்பவள். கடையின் பின்கட்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து நோட்டில் எழுதிக் கொடுப்பாள். "நம்ம வீட்டுல மட்டும் நீங்களே செஞ்சுக்குங்க, எழுதறவர் நீங்கதானே" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். அவர் பங்கு, அதை நாற்பது வார்த்தைக்குச் சுருக்கித் தன் பெயரைப் போடுவது. சுருக்கும் கலை எளிது. கட்டத்துக்கு வெளியே எது வழிகிறதோ, அதை வெட்டு. எப்போதும் வழிவது கடைசி வரி.

மனைவி இரண்டு நாளாகத் தங்கை வீட்டில். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஊருக்கே யோசனை சொன்னவன் பெண்டாட்டியிடம் கேட்பதா? பழைய இதழ்களை எடுத்து விரித்தார். லுங்கியை மடித்துக் கட்டினார்.

கேட்டுக்கு வினிகரும் உப்பும் குழைத்துத் தடவினார். மிச்ச வினிகரைத் தெளிப்பானில் நிரப்பிக் களைமேல் பீய்ச்சினார். நல்ல காற்று, வேலை சுகமாக இருந்தது. கார் நிற்கும் இடத்தைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி, கறைமேல் இரண்டு கிலோ சோளமாவைக் கொட்டினார். எறும்புக்குப் போரிக் பவுடர் கலந்த சர்க்கரைப் பாகைக் கிண்ணத்தில் ஊற்றி வாசற்படியில் வைத்தார். எட்டரைக்கு எல்லாம் முடிந்தது. குளித்தார், பேன்ட் சட்டை போட்டார், கொஞ்சம் பவுடரும் பூசினார். அப்படியே சோபாவில் சாய்ந்தவர் தூங்கிப்போனார்.

பதினொரு மணிக்கு ஹாரன் சத்தம். ஸ்கூட்டரில் வந்த புகைப்படக்காரப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுற்றிப் பார்த்தாள்.

"சார், சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேனா?"

டிப்ஸ்காரர் வெளியே வந்தார். கேட் பழுப்பிலிருந்து பளபளக்கும் ஆரஞ்சுக்கு மாறியிருந்தது. களை வாடியிருந்தது, கூடவே வேலிச் செடியும், பக்கத்து வீட்டுக்காரரின் ரோஜாவும். சோளமாவு பசையாகித் தரையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. எறும்புகள் கிண்ணத்தைத் தாண்டி வீட்டுக்குள் குடியேறிக்கொண்டிருந்தன.

"எங்க மாமா வீட்டு கேட்டும் இதே கலர்தான் சார். உங்க முப்பத்திரண்டாவது வாரத்த படிச்சிட்டு செஞ்சார். இன்னும் உங்க அட்ரஸக் கேட்டுட்டிருக்கார்."

அந்த நேரம் பார்த்து வாடகைக் காரிலிருந்து மனைவி இறங்கினாள். பையைக் கீழே வைக்கவில்லை. கத்தவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கேட்டுக்கு என்னங்க பண்ணீங்க?"

"வினிகரும் உப்பும். பத்து நிமிஷம் ஊறணும்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லையே. அதோட முடிஞ்சுது."

பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். "'நன்றாகக் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூசவும். இல்லையென்றால் முன்னைவிட மோசமாகத் துருப்பிடிக்கும்.' இது எங்க போச்சு?"

"எடம் பத்தல."

"'காற்றில் தெளிக்காதீர்கள். எது களை, எது செடி என்று வினிகருக்குத் தெரியாது.'"

"அது நாப்பத்தொம்பது வார்த்தை வந்துச்சும்மா."

"'ஈரத் தரையில் மாவைத் தூவக் கூடாது.' 'கிண்ணத்தை வாசலிலிருந்து பத்தடி தள்ளி வைக்கவும்.' இதெல்லாம் நான் வெட்டியாவா எழுதினேன்? தொண்ணூத்தொம்பது வாரமும் இப்படித்தானா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஓர் எறும்பு பேன்ட்டுக்குள் தன் வேலையைக் காட்டியது. டிப்ஸ்காரர் ஒற்றைக் காலில் துள்ளினார். கேமரா 'கிளிக்' என்றது.

மாலையில் ஆசிரியரிடமிருந்து போன். கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "போட்டோ எடுத்த பொண்ணு எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நாலு நாசத்தையும் போடறேன், நீங்க குதிக்கிறதையும் சேத்து. பக்கத்துலயே விட்டுப்போன கடைசி வரிங்களும். முழுப் பக்கம். ராசிபலன்காரர் இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும். ஆமா, அந்த நோட்டு எழுதினவங்க பேர் என்ன? இனிமே அவங்க பேர்லதான் வரும்."

பகுதி பிழைத்தது. பெயர்தான் பிழைக்கவில்லை.

நூற்றியொன்றாவது வாரக் குறிப்பை மனைவி வாயால் சொல்ல, அவர் வாசற்படியில் உட்கார்ந்து எழுதினார். அவள் எண்ணெய்த் துணியால் கேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தார். கட்டத்துக்கு எட்டு வார்த்தை அதிகம். பேனா தன்னால் கடைசி வரிக்குப் போனது.

"கையை எடுங்க," என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.