ஒரு ப்ளம் கிளைக்கான அர்ஜி

சுந்தரராமன் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிறது. அரசாங்கத்துக்குத்தான் அவரிடமிருந்து இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் மனு; எரிந்தால், பகலில் ஏன் எரிகிறது என்று மனு. லிங்கராஜபுரத்தில் மனுவைக் கன்னடத்தில் சொல்வதுபோல் அர்ஜி என்பார்கள். அவர் தலை மறைந்ததும் அவரையே அர்ஜி அங்கிள் என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர் தோட்டத்தில் ஆசை ஆசையாக வளர்த்த ப்ளம் மரம், தை பிறந்ததும் வெள்ளை வெளேரென்று பூத்தது. பூப்பதில் ஒரு குறையும் வைக்காது. முதல் வருடம் ஆறு பழம் கொடுத்தது. அதற்குப் பிறகு நான்கு வருடமாக ஒரு பிஞ்சுகூட இல்லை. எருவும் வேப்பம்புண்ணாக்கும் தின்று கொழுத்ததுதான் மிச்சம்.

மனைவி ரமா தீர்ப்பே சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் காய்க்கலைன்னா வெட்டிட்டு கறிவேப்பிலை வெக்கப்போறேன். ரசத்துக்காவது ஆகும்."

சுந்தரராமன் அன்றைக்கே நர்சரிக்காரரிடம் ஓடினார்.

"ஒத்தை மரம் காய்க்காது சார். பக்கத்துல வேற ஜாதி ப்ளம் பூத்திருக்கணும், தேனீ போய் வரணும். முன்னாடி காய்ச்சுதுன்னா பக்கத்துல ஏதோ மரம் இருந்திருக்கும்."

இருந்தது. அடுத்த வீட்டு பைக் மெக்கானிக் க்ளென் வளர்த்த மரம். அதன் சருகு தன் கார்மேல் விழுகிறது என்று மூன்று அர்ஜி எழுதி, அலையாய் அலைந்து வெட்ட வைத்தவர் சாட்சாத் சுந்தரராமனேதான்.

வெட்டுவதற்கு முன்பே க்ளென் ஒரு கன்றைப் பெயர்த்து, ஆஸ்டின் டவுனில் அக்கா பவுலின் வீட்டில் நட்டிருந்தான். அது இப்போது பூத்திருக்கிறது என்று ரமாதான் சொன்னாள். பூத்த கிளை ஒன்றை வாளித் தண்ணீரில் மரத்தடியில் வைத்தால் போதும், மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும் என்றிருந்தார் நர்சரிக்காரர். பூவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் ஆயுசு. சுந்தரராமன் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டார்.

க்ளென் நிமிரவே இல்லை. "ஒரு அர்ஜி எழுதிக் குடுங்க அங்கிள், பாக்கலாம்."

காலமெல்லாம் கன்னடத்தில் எழுதியவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து தமிழில் எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் கச்சிதம். க்ளென் வாங்கிப் படித்தான்.

"பார்வைன்னு போட்டுட்டு காலியா விட்டிருக்கீங்க. முன்னாடி குடுத்த லெட்டரை அங்கதானே எழுதணும்?"

இதே குறையைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். காது மடல்வரை வெட்கம் ஏறியது. பேனாவைத் திறந்தார். 'பார்வை: தங்கள் மரத்தை வெட்டச் சொல்லி நான் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றும் தவறு.'

க்ளென் இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் வாளியும் கிளையுமாக வந்தான். கிளை உரசி, சுந்தரராமனின் கார் பானெட்டெல்லாம் பூவிதழ். கிரீஸ் துணியால் துடைக்கப் போனான்.

"இருக்கட்டும் விடுப்பா."

"அப்பறம் அர்ஜி வராதே அங்கிள்?"

"வராது. காய்ச்சா முதல் பழம் உனக்கு. காய்க்கலைன்னா, கறிவேப்பிலை ஆளுக்குப் பாதி."