ஊதா விளக்கில் ஒரு தோட்டா பெல்ட்

"அப்பா கொண்டுவர்ற பெல்ட்டைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிடேன் வெண்டல். உனக்கென்ன குறைஞ்சிடப் போகுது?" என்று காரிலேயே கெஞ்சிப் பார்த்துவிட்டாள் நோரீன்.

"நல்லா இருந்தா பத்து வார்த்தைகூடச் சொல்றேன்" என்றான் அவன்.

அதுதான் அவளுக்குப் பயம். வெண்டல் யோஸ்ட்டை அவள் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்து மூன்று வாரம் ஆகிறது. அப்பா எல்வுட் இன்னும் அவனைப் பார்த்ததில்லை. முதல் கல்யாணத்தில் அப்பாவின் மனம் கவர்ந்தவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அவன் வாயைத் திறந்தாலே பொய்தான். நாற்பத்தைந்து வயதில் இந்த முறையாவது அப்பாவும் வெண்டலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏங்கினாள்.

பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில், தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் பழைய ராணுவச் சாமான் சந்தை கூடும். தகரக் குடுவைகள், தோள்பைகள், தோட்டா பெல்ட்டுகள் என்று நாற்பது மேஜைகள் நிறைந்திருந்தன. வெண்டலின் மேஜையில் கறுப்புத் துணி போர்த்திய பெட்டி ஒன்று; அதற்குள் ஓர் ஊதா விளக்கு. பழைய பருத்தி நூல் அதன் கீழே இருண்டு கிடக்கும். இந்தக் காலத்து நூல் நீல வெள்ளையாய் ஒளிரும். எதை வாங்கினாலும் வெண்டலின் பெட்டிக்குள் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அங்கே பணம் கொடுப்பார்கள்.

அப்பா பத்து மணிக்கு வந்தார். கையில் அவர் தாத்தாவின் பெல்ட். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஸ்பெயினோடு நடந்த சண்டைக்குக் கட்டிக்கொண்டு போனது. தோட்டா செருகும் வளையங்களெல்லாம் தைக்கப்படாமல் துணியோடு துணியாக நெய்யப்பட்டவை.

"பாத்துச் சொல்லுங்க தம்பி. எனக்குத் தெரியாததில்ல, உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான்."

வெண்டல் பெல்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"சார், இதை எப்பவாவது துவைச்சிருக்கீங்களா?"

"துவைக்கறதா? எங்க வீட்டுல இதுமேல தூசிகூடத் தட்டினது கிடையாது."

வெண்டல் நோரீனை ஒருமுறை பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "அப்படின்னா மன்னிச்சுக்குங்க. நூல் ஒளிருது. இது அந்தக் காலத்துது இல்ல."

எல்வுட்டின் காது சிவந்தது. "என் இடுப்புல தாத்தா கையால கட்டிவிட்டது இது. அவர் பொய் சொன்னாருங்கறீங்களா?" பெல்ட்டைச் சுருட்டினார். "நோரீன், நான் கிளம்பறேன். உன் கல்யாணத்துக்கு வேற யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ."

நூல் ஏன் ஒளிர்ந்தது என்று அந்தக் கூடத்தில் நோரீன் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பாவும் வெண்டலும் ஒரே மேஜையில் உட்காரப் போவதே இல்லை. திறந்தால் அப்பா முகத்தில் விழிக்க முடியாது.

"அப்பா, நில்லுங்க. நான் துவைச்சிருக்கேன்."

"என்னது?"

"பன்னிரண்டு வயசுல. நீங்க மான் வேட்டைக்குப் போயிருந்தப்ப ஸ்கூல் நாடகத்துக்குக் கட்டிக்கிட்டுப் போனேன். திராட்சை ஜூஸ் கொட்டிடுச்சு. வாஷிங் மெஷின்ல போட்டேன்."

"எத்தனை தடவை?" என்றான் வெண்டல், டாக்டர் கேட்கிற மாதிரி.

"மூணு."

பக்கத்து மேஜைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். "மூணு தடவையாம். கேட்டா தூக்கம் வராது எனக்கு."

"சோப்புத் தூள்ல துணியைப் பளிச்சுன்னு காட்ட ஒரு மருந்து கலப்பாங்க சார், அது பழைய நூல்ல ஒட்டினாலும் இதே மாதிரி ஒளிரும்" என்றான் வெண்டல். "இந்த முனையில இருக்கற பித்தளைத் தகட்டை ஒரு மயிரிழை தூக்கிப் பாக்கட்டுமா? அடியில தண்ணி அவ்வளவா போயிருக்காது."

எல்வுட் பெல்ட்டை நீட்டினார். மெல்லிய கத்தியால் பித்தளையின் ஓரத்தை நெம்பி, மறுபடி விளக்கில் பிடித்தான் வெண்டல். "நீங்களே பாருங்க."

எல்வுட் குனிந்தார். பித்தளைக்கு அடியில் நூல் கரியாய் இருண்டிருந்தது. வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது அதே இடம் அடர்ந்த கருநீலம். மற்ற இடமெல்லாம் சாம்பல்.

"விக்கறதா இருந்தா இப்ப பாதி விலைகூடத் தேறாது. ஆனா உங்க தாத்தா பொய் சொல்லல" என்றான் வெண்டல். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

எல்வுட் அந்த நீலத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே மகளிடம் திரும்பினார். "அப்ப சாயம் போனதும்..."

"அதுவும்தான்பா."

"ஜன்னல் திரையைச் சாத்தாம வெயில் பட விட்டுட்டான்னு முப்பத்து மூணு வருஷமா உங்கம்மாவைத் திட்டியிருக்கேன்."

"தெரியும்பா. ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுப்பேன். வராது."

கூடத்தின் கோடியில் அம்மா ஆர்லீன், தீயணைப்பு வீரர்களின் மனைவிமாரோடு நின்று கோழியும் சோளமும் போட்ட சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்வுட் அந்தப் பக்கம் பார்த்தார்.

"வெண்டல், கடையை யாராவது பாத்துக்கட்டும். நீ என்கூட வா."

"எங்க சார்?"

"உன் மாமியார்கிட்ட மன்னிப்பு கேக்கணும். அவ கையில கரண்டி இருக்கு, தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல." இரண்டடி நடந்து நின்றார். "என் முகத்துக்கு நேரா இல்லைன்னு சொன்ன முதல் மாப்பிள்ளை நீதான். அவகிட்டயும் உள்ளதைச் சொல்லு. எனக்காக ரொம்பப் பரிஞ்சு பேசிடாத."

இருவரும் மேஜைகளுக்கிடையே நடந்தார்கள். ஆர்லீன் நிமிர்ந்து பார்த்து, என்ன ஏது என்று கேட்காமலே சூப்புக்கு இரண்டு கிண்ணங்களை எடுத்தாள். நோரீன் வேகமாய்ப் பின்னால் போய், மூன்றாவதையும் எடுக்கச் சொன்னாள்.