மனுசன்ரை நம்பர்

இந்த வீடும் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பிள்ளையோடு நான் எங்கே போவேன்?

கணவனின் அடிக்குத் தப்பி வந்த யோகராணிக்குப் பெண்கள் காப்பகம் கொடுத்த தவணை அன்றோடு முடிகிறது. பத்து வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் அவளின் தமிழ்ப் பெயரைக் கேட்டதுமே கையை விரித்துவிட்டார்கள். நகரின் தொய்யன் பகுதியில், உலகப் போருக்கு முன் கட்டிய இந்த வீட்டின் சொந்தக்காரர் பரமநாதன் தமிழர் என்பதால்தான் நான்கு மாடியும் நம்பி ஏறி வந்தாள். உயர்ந்த கூரை, இரட்டைக் கண்ணாடி யன்னல், கீழே பாகிஸ்தான்காரரின் மரக்கறிக் கடை. மகள் துஷ்யா நடந்தே பள்ளிக்கூடம் போகலாம்.

"வீடு உமக்குத்தான் தங்கச்சி. உம்மடை மனுசன்ரை நம்பரை மட்டும் தாரும். அவருக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கதவுத் திறப்பைத் தாறன். நாளைக்குக் கோயிலிலை ஆளின்ரை முகத்திலை முழிக்கோணுமெல்லே?"

"நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரியக்கூடாது, அண்ணை."

"சும்மா பயப்பிடாதையும். குடும்பத்தைப் பிரிச்சுவைக்க நாங்கள் என்ன வெள்ளைக்காரரே?"

அவர் கைபேசியைத் திறந்து காத்திருந்தார். எண் அவளுக்கு மனப்பாடம். வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள். பரமநாதனின் விரல் பொத்தான்மேல் நின்றது.

"நம்பர் தரமாட்டன் அண்ணை," என்றாள் மெதுவாக.