ஆறு நாற்பதுக்கு நிற்கும் பாட்டு

செல்போனிலிருந்து பாட்டு ஸ்பீக்கருக்குப் போகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படிப் போவதில்லை. "இந்தப் பாட்டை எடு" என்று செல்போன் சொல்வதோடு சரி. ஸ்பீக்கர் தானே இணையத்துக்குப் போய் அதை எடுத்துக்கொள்ளும். சொன்ன செல்போனை அணைத்துவிட்டாலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இதை யாருக்காவது விளக்க ஆரம்பித்தால் எனக்கு இன்றும் உற்சாகம் வந்துவிடும். ஆனால் ஜமுனாமரத்தூருக்கு மேலே, நான் தனியாகக் குடியிருக்கும் இந்த வீட்டில், விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

காலையில் பால் கொண்டுவரும் ஆனந்தியிடம் ஒருநாள் விளக்கினேன். வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டாள்.

"நாலு ரூமுக்கும் பாட்டுப் பொட்டி வச்சிக்கிறீங்க. இருக்கறது ஒரே ஆளு. மீதி மூணு ரூம்ல இன்னா சார், பல்லியா கேக்குது?"

"வேலை அது ஆனந்தி. நாலு ரூம்லயும் ஒண்ணா பாடுதான்னு பாக்கணும்."

"பாருங்க பாருங்க. பல்லிக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சென்னையில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்காக வேலை செய்கிறேன். எங்கள் ஸ்பீக்கர்களில் இதுவரை வானொலியும், வீட்டில் சேமித்து வைத்த பாட்டுகளும்தான் வந்தன. வெளி நிறுவனம் ஒன்றின் பாட்டுச் சேவையும் அவற்றில் வரும்படி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு நான்கு அறைகளிலும் பாட்டு நின்றுவிடும். ஐந்து நொடியில் தானே தொடங்கும், மறுபடியும் நிற்கும். இருபது நிமிடம் இப்படியே இழுபறி. அதன் பிறகு நாள் முழுக்க ஒரு தொல்லையும் இருக்காது.

முதலில் மலை இணையத்தைச் சந்தேகித்தேன். அது அறுந்திருக்கவில்லை. மின்சாரத்தையும் பார்த்தேன். அதிலும் குறை இல்லை. என்னோடு இதே வேலையைச் செய்யும் சாகிப்புக்கு, எப்போது என்ன நடந்தது என்று ஸ்பீக்கர் குறித்துவைக்கும் பதிவுகளை அனுப்பினேன். அவர் வாணியம்பாடியில் தன் வீட்டிலிருந்து வேலை செய்பவர். அரைமணி நேரத்தில் கூப்பிட்டார்.

"வெற்றி சார், எந்த அக்கவுண்ட்ல போட்டு டெஸ்ட் பண்றீங்க?"

"எங்க வீட்டு அக்கவுண்ட்."

"அட, டெஸ்ட்டுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்தாங்களே!"

"அதுல இருபது பாட்டுதான் இருக்கு சாகிப். திரும்பத் திரும்பக் கேட்டுச் சலிச்சுப்போச்சு."

"அப்போ இது கோளாறே இல்ல சார். உங்க அக்கவுண்ட்ல வேற யாரோ பாட்டு கேக்கறாங்க. ஒரு அக்கவுண்ட் ஒரு எடத்துலதான் பாடும். ஒண்ணா பாடற உங்க நாலு பொட்டியும் சேந்து ஒரே எடம்னு கணக்கு. அவங்க போட்டா உங்க பொட்டி நின்னுடுது. அஞ்சு செகண்ட்ல உங்க பொட்டி புடுங்கிக்குது. அவங்க திரும்பப் புடுங்கறாங்க. இன்னிக்கு மட்டும் ஒம்போது தபா! பாவம் சார், யாரோ." சாகிப் சிரித்தார். "எல்லாரையும் வெளிய தள்ற பட்டன் ஒண்ணு இருக்கு. அமுக்குங்க, முடிஞ்சிது. இல்லன்னா அவங்க நெனச்சா அங்கேந்தே உங்க வூட்டு ஸ்பீக்கர்ல பாட்டு போடலாம். பேய்னு நெனச்சிக்கப் போறீங்க."

யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கணக்கைத் தொடங்கியவள் என் மனைவி கலைவாணி. அவள் போன வருஷம் இறந்துபோனாள். என்னைத் தவிர கடவுச்சொல் தெரிந்தவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அன்பரசி மட்டும்தான். ஆறு நாற்பது அவள் கம்பெனி பஸ் ஏறும் நேரம். கலைவாணி போன நாலாம் மாதமே வேலூர் வீட்டை விற்றேன். எதையும் பொறுமையாக விளக்கும் நான், அதை மட்டும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அன்பரசியிடம் சொன்னேன். பதினொரு மாதமாக அவள் என் அழைப்பை எடுப்பதில்லை.

இணையம் அறுந்தால் பாட்டு தானாகத் திரும்பி வர வேண்டும் என்று அந்த ஐந்து நொடியை ஸ்பீக்கரின் நிரலில் எழுதியவன் நான்தான். அறுந்துபோனதையும் இன்னொருவர் எடுத்துக்கொண்டதையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. நான்கு நாட்களாக, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் என் மகளின் காதிலிருந்து பாட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாட்டு எங்கே போனது என்று அவள் செல்போன் காட்டியிருக்கும். ஸ்பீக்கர்களுக்கு நான் வைத்த பெயர்கள்: ஹால், சமையல், மாடி, கலைவாணி ரூம். நான்காவது அறையில் கலைவாணியின் கட்டிலும் பீரோவும் இருக்கின்றன. வேலூரில் அந்த அறையை அப்படித்தான் சொல்வோம். இந்த வீட்டில் கலைவாணி ஒருநாளும் இருந்ததில்லை.

பட்டனை அமுக்கினால் வெள்ளிக்கிழமைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அம்மாவின் பாட்டுகளிலிருந்தும் அப்பா தன்னை வெளியே தள்ளிவிட்டார் என்று அன்பரசி நினைப்பாள். அதன் பிறகு ஆறு நாற்பதுக்கு இந்த வீட்டில் எதுவும் நடக்காது.

நான் அமுக்கவில்லை. வேறொருவர் எடுத்துக்கொண்டால் விட்டுவிடு, திரும்பக் கேட்காதே என்று எழுதினேன். நான்கு வரிதான். வாடிக்கையாளருக்கும் அதுதான் சரி.

வெள்ளிக்கிழமை ஆறு நாற்பதுக்குப் பாட்டு நின்றது. பழக்கத்தில் ஐந்து வரை எண்ணினேன். திரும்பி வரவில்லை. பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழு மணிக்கு ஆனந்தி வந்தாள். "இன்னா சார், பாட்டையே காணோம்?"

"வேற ஒருத்தர் கேக்கறாங்க."

"உங்க பாட்டையா?"

"அவங்க பாட்டும்தான்."

அவள் பாலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே பாட்டு தொடங்கியது. ஹாலில் இல்லை, சமையலறையில் இல்லை, மாடியிலும் இல்லை. ஓர் அறையில் மட்டும்.

ஆனந்தி எட்டிப் பார்த்தாள். "உள்ள யாரு சார் போட்டது?"

செல்போன் சொல்லும், ஸ்பீக்கர் எடுக்கும், சொல்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நடக்கும் என்ற விளக்கம் முழுதும் என்னிடம் தயாராக இருந்தது.

"என் பொண்ணு" என்றேன்.

பால் பாத்திரத்தோடு போய் அந்த அறை வாசலில் நின்றேன். சட்டைப்பையில் செல்போன் இருந்தது. எடுக்கவில்லை. நடுவில் ஒருமுறை சத்தம் ஒரு படி கூடியது. பாட்டு முடிந்தது. அடுத்தது வரவில்லை.