செக்கச்செவேலென்று ஒரு குழாய்

அண்ணனின் குடல் புற்றுநோய் எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று கணிக்க உதவும் எல்.டி.எச். என்ற நொதி, ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இனிச் சிகிச்சையே வேண்டாமென்று அண்ணன் பையைக் கட்டிவிட்டான்.

அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை நம்பவில்லை. கீழே ஓடிப்போய் ஸ்டாண்டிலிருந்து அவனுடைய ரத்த மாதிரி இருந்த குழாயை உருவினாள். ரத்தம் உறைந்தபின் மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் செக்கச்செவேலென்று இருந்தது. ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த நொதியும் வெளியே கொட்டியிருக்கிறது.

“இதை எடுத்த மகராசன் யாரு?”

“நான்தான்,” என்றான் சக ஊழியன். “நரம்பு கிடைக்கல. மெல்லிசு ஊசியில வேகமா இழுத்தேன். அதான் மெஷின் நம்பர் குடுத்துச்சே?”

“மெஷினுக்குக் கண்ணு கிடையாது. உனக்குமா அவிஞ்சுபோச்சு?”

புது ஊசியோடு மாடியேறினாள்.

“மறுபடியும் குத்தப்போறியா, ராட்சசி?” என்றான் அண்ணன்.

“வாயை மூடிட்டு கையை நீட்டு. நல்ல ரத்தத்துலயும் இப்படியே ஏறியிருந்தா, உன் பையை நானே தூக்கிட்டு வரேன்.”

இந்த முறை சீரம் தெளிந்த மஞ்சளாக வந்தது. நொதி இயல்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். புது அறிக்கையை அவன் மடியில் வீசிவிட்டு, பையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சட்டைகளைக் கட்டில்மேல் கொட்டினாள்.