தண்ணீர்க்காரன் கொல்லவில்லை

ஏழாவது புத்தகத்தை ரோகிணி மறுபடியும் எடுத்தாள்.

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் அம்மாவின் படத்தையும் அவள் எழுதிய ஏழு நாவல்களையும் அப்பா வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். காலையில் ஒரு தடவை ரோகிணி ஏழாவதை உருவிக்கொண்டுபோய் பீரோவில் துணிகளுக்கு அடியில் திணித்தாள். குளித்துவிட்டு வருவதற்குள் அது திரும்ப ஸ்டூலுக்கு வந்திருந்தது. இந்தத் தடவை சமையலறைக்குக் கொண்டுபோய், காலியாக இருந்த அரிசி டின்னுக்குள் போட்டு அழுத்தி மூடினாள்.

அப்பா ராஜகோபால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மிச்சமிருந்த ஆறும் சாய்ந்துவிடாமல் நெருக்கி நிறுத்தினார்.

அம்மா ஜலஜா எழுத்தாளர் என்பது ஹைதராபாத் குஷாய்குடாவில் அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு அவள் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ராஜகோபால் வீட்டம்மா. காலையில் வந்த தெலுங்குக்காரப் பெண்கள் ஸ்டூலில் இருந்த புத்தகங்களைச் சாமி புத்தகங்கள் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டார்கள். உண்மையில் அவை கொலைக் கதைகள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சிகந்தராபாத் கண்டோன்மென்ட்டில் நடப்பவை. மெட்ராஸ் பட்டாளத்தோடு திருச்சியிலிருந்து வந்து, புருஷன் செத்த பிறகும் ஊர் திரும்பாமல், சிப்பாய்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுப் பிழைக்கும் அபயாம்பாள் என்ற விதவைதான் துப்புத் துலக்குகிறவள். பட்டாளம் யாரைக் குற்றவாளி என்று பிடித்துக் கட்டுகிறதோ அவனை அவிழ்த்துவிடுவதில்தான் ஒவ்வொரு கதையும் முடியும்.

ஜலஜா கையால் எழுதுவாள். ராஜகோபால் கம்ப்யூட்டரில் டைப் அடித்துச் சென்னைக்குப் பதிப்பாளருக்கு அனுப்புவார். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு அதுதான் வேலை. ஏழாவதான ‘மழைக்கால முகாம்’ அச்சாகி வந்தபோது ஜலஜா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அட்டையை மட்டும் தடவிப் பார்த்தாள். படிக்கக் கண்ணில் தெம்பில்லை.

“இன்டர்நெட்ல என்ன சொல்றாங்க?” என்று மகளிடம் கேட்டாள்.

தமிழில் மர்மக்கதை படிக்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. மாதாபூரில் ஆபீஸ் முடிந்து, லேப்டாப்போடு நேரே ஆஸ்பத்திரிக்கு வரும் ரோகிணி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். ‘முதல் பாதி அருமை.’ ‘மழை வர்ணனை பிரமாதம்.’ நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் படித்தாள். ‘கடைசி நாலு அத்தியாயம் குப்பை’, ‘அம்மாவுக்கு வயசாகிவிட்டது, நிறுத்திக்கொள்ளலாம்’ என்பவற்றைத் தாண்டிப் போனாள். எழுதினவர்கள் ஒவ்வொருவரையும் இழுத்து வைத்து அறைய வேண்டும்போல் இருந்தது.

“திட்டினதைப் படி. நீ முழுங்குறது எனக்குத் தெரியுது.”

இருந்ததிலேயே நீளமானதை ரோகிணி படித்தாள். ஸ்டெல்லா என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ‘ஆறு புத்தகங்களிலும் நாதியில்லாதவன் பக்கம் நின்றவள் அபயாம்பாள். இதில் அவளே தண்ணீர் சுமக்கும் உசேனைப் பிடித்துக் கொடுக்கிறாள். ஒரு மூக்குத்திக்காகக் கணக்கர் வரதய்யாவின் மனைவியை அவன் கொன்றானாம். அத்தனை சந்தேகத்தையும் வரதய்யாவின் மேல் அடுக்கிவிட்டுக் கடைசியில் அவர் உத்தமராகிவிடுகிறார். இதை எழுதியவர் அபயாம்பாளைப் படித்ததே இல்லை.’

“இன்னொரு தரம் படி,” என்றாள் ஜலஜா.

படித்தாள்.

“உசேனா? நான் அப்படி எழுதலையே.”

அந்த நேரத்தில் ராஜகோபால் இளநீரோடு உள்ளே வந்தார். ஜலஜா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“யாரு கொன்னது?”

அவர் ஸ்ட்ராவின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். “டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். இதைக் குடி.”

குடித்தாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவே இல்லை. அவர் ஸ்ட்ராவை வாயில் வைத்தால் குடித்தாள், புரட்டிப் படுக்கவைத்தால் புரண்டாள். பேச்சு மட்டும் இல்லை. மருந்தின் அசதி என்று நர்ஸுகள் சொன்னார்கள். ஜலஜாவின் தம்பி குணசேகரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதைகளைப் பேசினால் அவருக்குப் பதில் சொன்னாள். ரோகிணியிடம், அப்பா வெளியே போகும் நேரங்களில், தான் எழுதிய முடிவைத் துண்டு துண்டாக, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“அந்த வரதய்யா அப்பாவாம்மா?” என்று ரோகிணி ஒருநாள் கேட்டாள்.

ஜலஜா மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்: “அவரை நினைச்சு எழுதலடி. எழுதுறப்ப அவர் வந்து உட்கார்ந்துட்டார்.”

அன்றைக்கே ரோகிணி வீட்டுக்குப் போய்க் கைப்பிரதியைத் தேடினாள். எங்கும் இல்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டதாக அப்பா சொன்னார். வீட்டில் இடம் எங்கே இருக்கிறது என்றார்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் மாதக்கணக்கில் அம்மாவின் வாந்திப் பாத்திரத்தைக் கழுவியவரும் அவர்தான். படுக்கைப் புண்ணுக்கு அருவருப்பில்லாமல் மருந்து போட்டவரும் அவர்தான். அது தெரிந்திருந்ததால் அவளால் கத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நேற்று விடியற்காலையில் அம்மா போனபோதும், ஸ்டிரெச்சருக்குப் பின்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள்தான். பிடித்த கை கொதித்தது.

இன்றைக்குத் தனித் தெலங்கானா கேட்டு பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. பூவுக்காகக் குணசேகரன் மெட்டுகுடாவிலிருந்து பைக்கில் மூன்று இடம் சுற்றி, கடைசியில் யார் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ சாமந்தி பறித்து வந்திருந்தார். பிறந்த வீட்டுப் புடவையையும் அவர்தான் கொண்டுவந்தார். வருகிறவர்கள் குறைவாக இருந்தார்கள்.

மத்தியானம், பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டிப் புடவை சுற்றிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் குங்குமத் தட்டை எடுக்க ரோகிணி வாசல் பக்கம் வந்தாள். சாமியானாவுக்குக் கீழே, வியர்த்து வழிய, தோளில் ஆபீஸ் பையோடு ஒரு பெண் அப்பாவின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். செருப்பெல்லாம் புழுதி.

“என் பேரு ஸ்டெல்லா, சார். அம்மாவோட வாசகி. க்ரூப்ல போட்டிருந்தாங்க, பார்த்ததும் கிளம்பினேன். பாதி தூரம் ஒருத்தர் ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டார், மிச்சம் நடந்துட்டேன்.” “கடைசிப் புத்தகத்தைப் பத்தி ரொம்ப மோசமா எழுதினது நான்தான் சார். அவங்க ஆஸ்பத்திரியில இருந்தது தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்.”

ராஜகோபால் அவள் தலையைத் தொடுவதுபோல் கையைத் தூக்கித் தாழ்த்தினார்.

“பரவால்லம்மா. நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. கடைசி அத்தியாயமெல்லாம் எழுதுறப்ப அவ அவளாவே இல்ல. மருந்து அப்படி. டைப் அடிக்கிறப்பவே நினைச்சேன், நல்லா வரலையேன்னு. சொல்லி எதுக்கு நோகடிக்கணும்னு விட்டுட்டேன்.”

ரோகிணி தட்டைப் படிக்கட்டில் வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள்.

“திரும்பச் சொல்லுங்கப்பா.”

அவர் திரும்பினார்.

“இப்ப சொன்னீங்களே. யாரு அவங்களாவே இல்ல?”

“ரோகிணி, நக்கோம்மா,” என்று குணசேகரன் எழுந்து வந்தார். “வண்டி வந்து நிக்குது. இப்ப வேணாம்.”

“கைக்கு மாமா, ஏன் வேணாம்? அப்புறம் எப்ப? எரிச்சிட்டு வந்த பிறகா?” அவள் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினாள். “அந்த நாலு அத்தியாயத்தை எங்கம்மா எழுதல. இவர் எழுதினது. உசேனைக் கொலைகாரனாக்கினது இவர். ஒரிஜினலைத் தூக்கிப் பேப்பர்காரனுக்குப் போட்டதும் இவர். அம்மாவுக்கே நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டித்தான் தெரியும்.”

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர், சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மரியாதையாக எழுந்து கேட்டுக்கு வெளியே போனார்.

ராஜகோபாலுக்கு முகம் கறுத்தது. குரல் மட்டும் உயரவில்லை.

“முதல் ஆறுல ஒரு கமா மாத்தியிருப்பேனா? கேளு உங்க அம்மாவை.” சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. “அந்த வரதய்யா துண்டை நாலா மடிக்கிறான். சோத்துல கைவெச்சிட்டு ஒரு வார்த்தை பேசாம தட்டைத் தள்றான். ஃபேக்டரில என்கூட இருந்தவங்க அத்தனை பேரும் வாங்கிப் படிக்கிறாங்க. பக்கம் பக்கமா என் கையால டைப் அடிச்சேன் நான். கடைசியில பார்த்தா அவன் பொண்டாட்டியைக் கொன்னவன். நான் என்ன பண்ணணும்கிற?”

“அவங்களைக் கேட்டிருக்கணும்.”

“அவ என்னைக் கேட்டாளா?”

“துண்டை மடிச்சதை மாத்தியிருக்கலாமே. தட்டைத் தள்ளினதை எடுத்திருக்கலாமே. உங்களுக்குக் கொலைகாரன் வேணும், அதுக்குக் கிடைச்சவன் தண்ணி சுமக்கிறவன். அவன் தலையில கட்டினீங்க. இப்ப அதைக் கொண்டுவந்து அம்மா தலையில கட்டுறீங்க. அவங்க வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சு கட்டுறீங்க.”

குணசேகரன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அக்கா இறந்ததிலிருந்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து யாரோ மஞ்சள் குங்குமம் கேட்டார்கள்.

வாய்க்கரிசி போடும்போது ராஜகோபாலின் கை தவறி, பாதி அரிசி அம்மாவின் கழுத்தில் சிந்தியது. மற்றொரு நாளாக இருந்தால் ரோகிணி அவர் கையைத் தாங்கியிருப்பாள். சிந்திய அரிசியை மட்டும் அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வண்டி கிளம்பியபோது ஆண்கள் ஏறிக்கொண்டார்கள். தெரு முக்கில் கொடி பிடித்து நின்ற பந்த் பையன்கள் பிணத்தைப் பார்த்ததும் கோஷத்தை நிறுத்தி வழிவிட்டார்கள்.

வீடு கழுவி முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் போனார்கள். ரோகிணி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு வந்தபோது, ஸ்டெல்லா ஹாலின் ஓரத்தில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நான் கிளம்பறேங்க.”

“எப்படிப் போவீங்க? இருங்க.” ரோகிணி எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஈரம் காயாத தரை. “அம்மா உங்களைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா? இந்தப் பொண்ணு ஒருத்திதான் சரியாப் படிச்சிருக்கான்னாங்க.”

ஸ்டெல்லா முகத்தைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். ரோகிணி காத்திருந்தாள். சேர்ந்து அழ அவளுக்கு இன்னும் வரவில்லை.

“வரதய்யாதானே?” என்றாள் ஸ்டெல்லா கடைசியில்.

“அவன்தான். பட்டாளத்துல கணக்கு எழுதுறவன். ஆனா சிப்பாய் பொண்டாட்டிங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவ அவன் சம்சாரம். ஒருநாள் துரை ஒரு மனுவைப் படிச்சிட்டு, உன்னைவிட உன் மனைவி நல்லா எழுதறாளேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடறான். அவ்வளவுதான் காரணம். மழைக் காய்ச்சல் முகாமையே படுக்கப் போடுது. அவளுக்கும் வருது. அவன் பக்கத்துலயே உட்கார்ந்து ராப்பகலாப் பார்த்துக்கறான். கால் அமுக்கறான். முகாமே கையெடுத்துக் கும்பிடுது. அவ செத்ததும், மூக்குத்திக்கு ஆசைப்பட்டு உசேன் தண்ணியில விஷம் வெச்சான்னு பட்டாளம் அவனைப் பிடிச்சுக் கட்டுது.”

“அப்ப அபயாம்பாள் எப்படிக் கண்டுபிடிச்சா?”

“வெல்லம்,” என்றாள் ரோகிணி. “காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா பொடி கசப்பு. காய்ச்சக்காரங்க அத்தனை பேரும் அதை முழுங்கிட்டு அபயாம்பாகிட்ட வந்து வெல்லம் கேக்கறாங்க. சண்டை போட்டு வாங்கித் தின்னறாங்க. ஒரே ஒரு வீட்லேர்ந்து மட்டும் யாரும் வெல்லம் கேட்டு வரல. வரதய்யா சம்சாரம் செத்து மூணாம் நாள் பானையில மிச்ச வெல்லத்தைப் பார்க்கறப்பதான் அவளுக்குப் பொறி தட்டுது. அவன் கொடுத்தது கசக்கல. மருந்தே இல்ல, சுண்ணாம்புப் பொடி.”

ஸ்டெல்லா பையைக் கீழே வைத்தாள். “இதை நான் எழுதலாமா? க்ரூப்ல?”

“அம்மா பேரைப் போட்டு எழுதுங்க. அவங்க சொன்ன வார்த்தையிலயே சொல்றேன், ஒண்ணும் மாத்தாதீங்க.”

ஸ்டெல்லா போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். உசேனைத் தூக்கில் போடக் கூட்டிப்போகும் காலையை, அபயாம்பாள் துரையின் கூடாரத்துக்குள் செருப்போடு நுழைந்ததை, ரோகிணி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அம்மா எங்கெங்கே மூச்சு வாங்கினாளோ அங்கெல்லாம் அவளும் நிறுத்தினாள்.

கேட் சத்தம் கேட்டது. குணசேகரன் கால் கழுவிவிட்டுப் பின்பக்கமாக உள்ளே போனார். ராஜகோபால் வரவில்லை. ஈர வேட்டியோடு முற்றத்தில் மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். பாதி திறந்திருந்த ஜன்னல் வழியாக அவருடைய ஒரு தோளும் வெள்ளைத் தலையும் தெரிந்தன. தலை சற்றே இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

ஸ்டெல்லா அவரைப் பார்த்துவிட்டுத் தட்டச்சை நிறுத்தினாள். “மெதுவாப் பேசலாமா?” என்றாள்.

ரோகிணி எழுந்து போய் ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்து, கொக்கி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.