தனலெட்சுமியின் ஐந்தாவது வரி

1966ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்திலிருந்த மேமலைத் தேயிலைத் தோட்டத்தில், ஏழாம் நம்பர் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவுக்குள் தமிழ் நின்றுபோனது. வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தவர்களுக்குச் சிங்களம் தெரிந்திருந்தால் சிங்களம் வரும். தெரியாவிட்டால் ஒன்றும் வராது. வெளியே இஸ்தோப்பு என்கிற திண்ணையில் வந்து நின்றால் தமிழ் பழையபடி வாய்க்குத் திரும்பிவிடும். கூரைத் தகரம் மாற்றிய மறுநாள் இது தொடங்கியதால் கோளாறு தகரத்தில்தான் என்றார் பெரிய கங்காணி. துரை நேரில் வந்து பார்த்தார். உள்ளே நின்று இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அவருடைய இங்கிலீஷும் வாசலோடு நின்றிருந்தது. ஆபீஸுக்குத் திரும்பிப் போய், பழுதுபார்ப்புப் புத்தகத்தில் 'ஒழுக்கு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரசாங்கம் பத்து வருஷமாகச் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டும் முடிக்க முடியாமல் திணறிய காரியத்தை ஆறு தகரங்கள் சத்தமில்லாமல் முடித்துவிட்டன. அதைப் பற்றி லயத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. அந்த வாரம் கொழுந்து அதிகம்.

அந்தக் காம்பராவில் இருந்தவர்கள் மூன்று பேர். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் மாடசாமி, அவர் மனைவி பெரியாயி, பதினாறு வயது மகள் தனலெட்சுமி. மூவருக்கும் சிங்களத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் மாதம் வீட்டுக்குள் சட்டி பானைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. உப்பு கேட்பதற்குக்கூட இஸ்தோப்புக்கு வந்து கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். புருஷன் பெண்சாதி சண்டை பிடிப்பதென்றாலும் வெளியே வரவேண்டும். மார்கழிக் குளிரில் சண்டைகள் வெகுவாகக் குறைந்தன. கீழே சிங்களக் கிராமத்திலிருந்து காய்கறிக் கூடையோடு மேலே வரும் புஞ்சி மெனிக்கே ஒருநாள் மழைக்கு உள்ளே ஒதுங்கினாள். அவளுக்கு அங்கே தாராளமாகப் பேச வந்தது. பெரியாயிக்கு ஊர் வம்பு பேசாமல் உயிர் தரிக்காது. பூசணிக்காயைக் காட்டியும் அடுத்த லயத்தைக் காட்டியும் மூன்றே மாதத்தில் வம்பு பேசும் அளவுக்குச் சிங்களம் கற்றுக்கொண்டாள். தனலெட்சுமி நாளுக்கு ஐந்து சொல்லாகச் சேர்த்து, அதற்கடுத்த வருஷத் தைப்பொங்கலுக்குள் அம்மாவையே திருத்தும் நிலைக்கு வந்துவிட்டாள்.

மாடசாமி மட்டும் மசியவில்லை. அவருக்குச் சிங்களத்தோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. பஸ்ஸின் சிங்களப் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாத தோட்டத்து ஆட்கள் ஒவ்வொரு பஸ்ஸையும் ஒவ்வொரு அடையாளத்தால் தெரிந்துவைத்திருந்தார்கள். பதுளை பஸ் என்றால் மாடசாமிக்கு முன் பம்பரில் ஒரு நெளிவு. ஒருநாள் வயிற்று வலியோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக லுணுகலையில் காத்து நின்றார். அதற்கு முந்தின வாரம்தான் அந்த நெளிவை யாரோ தட்டி நேராக்கியிருந்தார்கள்; அதே வாரம் பிபிலை பஸ் எங்கேயோ இடித்துக்கொண்டு வந்திருந்தது. மாடசாமி வலியைப் பிடித்துக்கொண்டு பிபிலையில் போய் இறங்கினார். யாரிடமும் எதுவும் கேட்க வாயில்லாமல் கடை வாசல் ஒன்றில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள்ளும் தமிழ் போனது.

"நம்ம வீட்டுக்குள்ள நம்ம பேசுறதுக்கு இன்னொருத்தன் வாய இரவல் வாங்கணுமா?" என்று இஸ்தோப்பில் நின்று ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் உள்ளே போய், தேயிலைப் பெட்டிப் பலகையொன்றை அடுப்போரம் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். யாரோடும் பேசமாட்டார். அப்படிப் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பிபிலைப் பயணம் தனலெட்சுமியின் மனதில் வேறு விதமாகத் தைத்திருந்தது. அடுத்த லயத்து அழகர் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தபோது, அவரைப் பத்து நாள் வேலை முடிந்ததும் காம்பராவுக்குள் உட்காரவைத்துத் தயார் செய்து அனுப்பினாள். அழகர் போய்ப் பேசிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஆட்கள் தாமாகவே வரத் தொடங்கினார்கள். கொழுந்து நிறுத்து முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்து, இஸ்தோப்பில் கம்பளியையும் தமிழையும் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். தனலெட்சுமி யாருக்கும் எழுத்துக் காட்டவில்லை, இலக்கணம் சொல்லவில்லை. முதல் மாதம் தண்ணீர், சோறு, அடுப்பு, உடம்பு. இரண்டாம் மாதம் புஞ்சி மெனிக்கேயின் கூடையை நடுவில் வைத்துப் பேரம். மூன்றாம் மாதம் பஸ், பொலிஸ், ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயம். கேட்டால்தான் தேநீர் கிடைக்கும். கையால் காட்டுகிறவருக்குக் கிடையாது. தேநீருக்கு ஆசைப்பட்டே பாதிப் பேர் பேசப் பழகினார்கள்.

லுணுகலையில் துணிக்கடை வைத்திருந்த பாறூக் முதலாளி, தன் கடைக்குப் பதினைந்து வருஷமாக வந்துபோன ஒரு கொழுந்துக்காரி திடீரென்று சிங்களத்தில் பேரம் பேசியதில் அதிர்ந்து, விசாரித்துக்கொண்டு மேமலைக்கே ஏறி வந்தார். ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்ததும் தனலெட்சுமியிடம், "மகள், நீங்க இத புண்ணியத்துக்குச் செய்ற வேலைண்டு நெனச்சிக்கிட்டு ஈக்கிறீங்க. இது உத்தியோகம். உத்தியோகத்துக்கு ஒரு வழி ஈக்கிது, படி ஈக்கிது. எழுதி வெச்சிக்கிட்டு ஏறுங்க" என்றார். அடுத்த வாரம் கடையிலிருந்து ஒரு கொப்பியும் கொடுத்தனுப்பினார்.

தனலெட்சுமி இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதினாள். ஒன்று, நூறு பேரைப் பேசவைப்பது. இரண்டு, பதுளைக்குப் போய்ச் சாதாரண தரம் என்கிற பள்ளிப் பரீட்சை எழுதிச் சித்தியடைவது. மூன்று, அரசாங்க ஆசிரியை நியமனம். நான்கு, பயிற்சிக் கல்லூரி. ஐந்தாவது வரியை எழுத மூன்று நாள் எடுத்தாள். சிங்கள ஆட்கள் வந்து உட்கார்ந்து தமிழ் மட்டும் பேசுகிற மாதிரி ஒரு காம்பரா. பிபிலைக் கடைக்காரனுக்கு நாலு வார்த்தை தமிழ் தெரிந்திருந்தால் அப்பா அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இதை அப்பாவிடம் சொல்லவேண்டும் என்றும் நினைத்தாள். வீட்டுக்குள் சொல்ல முடியாது. வெளியே அகப்படும்போது அவர் மலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்.

1969இல், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, தோட்டத்து ஆட்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று விண்ணப்பம் போடும் காலம் வந்தது. மாடசாமி மறுநாள் காலையில் தோட்டத்து ஆபீஸில் கைரேகை வைக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் அடை மழை. சாரல் அடித்து இஸ்தோப்புச் சுவர் முழங்கால் உயரம்வரை நனைந்து கிடந்தது. உள்ளே தனலெட்சுமி ஏழு பேருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். மாடசாமி பலகையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு அங்கே அவருக்கு மொழி இல்லை. எழுந்து வெளியே போய் மழையில் நின்றார், மகள் பின்னால் வருவாள் என்று. அவர் லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டைப் பார்க்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அரை மணி நேரம் நனைந்துவிட்டு உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டார். காலையில் ஆபீஸில் மூன்று பேரின் பெயரையும் இந்தியாவுக்கு எழுதச் சொன்னார். பத்து நாள் கழித்து, அது தெரியாமல், தனலெட்சுமி தன் பெயருக்குத் தனியாக இலங்கைக்கு விண்ணப்பம் அனுப்பினாள்.

வருஷங்கள் போயின. நூறு பேர் என்ற முதல் வரி 1971இலேயே முடிந்தது. 1973இல் பரீட்சையில் சித்தியடைந்த சேதி வந்தபோது பாறூக் முதலாளி ஒரு சேலை அனுப்பினார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, துரை மாறினார், பஞ்சம் வந்தது, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டும் ஆட்கள் வகுப்புக்கு வந்தார்கள். பஞ்சத்தில் தேநீருக்குச் சீனி இல்லாததால் சீனி என்ற சொல்லை மட்டும் அவள் பாடத்திலிருந்து எடுத்துவிட்டாள். 1976இல் நியமனக் கடிதம் தயார், பிரஜாவுரிமைச் சான்று மட்டும் தேவை என்று பதுளையிலிருந்து எழுதினார்கள். சான்று கேட்டு எழுதினாள். அவளுடைய பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது, விசாரித்துத்தான் முடிவு சொல்லமுடியும் என்று பதில் வந்தது. அப்போதுதான் அவளுக்கு 1969இன் மழை புரிந்தது. கொப்பியைத் திறந்து மூன்றாவது வரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அப்பாவைக் கோபிக்க நினைத்தாள், முடியவில்லை. அவர் கேட்கவில்லை என்றால், அவளும்தான் கேட்கவில்லை.

விசாரணை அதிகாரி ஒரு புதன்கிழமை வந்தார். அவரோடு வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை; பசறைக்கு மேலே மண் சரிந்து அவர் வந்த பஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மழை தூறியதால் விசாரணை காம்பராவுக்குள் நடந்தது. தகப்பன்தான் பெயரைக் கொடுத்தவர், அவரே விளக்கம் சொல்லவேண்டும் என்றார் அதிகாரி. தான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்று தனலெட்சுமி சொன்னாள். சம்பந்தப்பட்ட ஆள் மொழிபெயர்க்க விதியில் இடமில்லை, இவர் எதுவும் சொல்லாவிட்டால் முதல் விண்ணப்பம்தான் செல்லும், இன்னொரு தடவை நான் இந்த மலை ஏறமாட்டேன் என்று அவர் பேனாவைத் திறந்தார். பெரியாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாடசாமி பலகையிலிருந்து எழுந்தார். அதிகாரிக்கு வணக்கம் சொன்னார். தன் பெயரையும் தோட்டத்தையும் சொன்னார். முதலாம் மாதப் பாடத்தில் உடம்புக்கு என்ன என்று கேட்கும் ஒழுங்கிலேயே சுகம் விசாரித்தார். எல்லாம் சிங்களத்தில், புஞ்சி மெனிக்கேயின் இழுவையோடு, ஒரு பிழை இல்லாமல். தனலெட்சுமியிடம் படித்துப் போன அத்தனை பேரின் பாடத்தையும் அவர் அடுப்போரம் உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருந்தார் என்பது அங்கிருந்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"இவ பேர நாந்தான் எழுதச் சொன்னேன், ஐயா. இவகிட்ட கேக்கல. உள்ள கேக்க எனக்கு வாய் வரல, வெளிய கேக்க இவளுக்கு நேரம் வரல. இவ வாத்தியாரம்மா. எனக்கும் இவதான் வாத்தியார். இவளோட வேல இங்க இருக்கு. இவ பேர அதுல இருந்து வெட்டிருங்க."

அதிகாரி வெட்டினார். வெட்டிய இடத்தில் மாடசாமி பெருவிரலை அழுத்தினார். தனலெட்சுமி அழுதாள். அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. உள்ளே வந்தது சிங்களம்தான், அது அவளுக்குப் போதவில்லை. தமிழில் சொல்ல இஸ்தோப்புக்கு ஓடினாள், அவர் வருவார் என்று நின்றாள். மாடசாமி பழையபடி பலகையில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை அவள் திரும்பி உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மாடசாமியும் பெரியாயியும் 1977 புரட்டாசியில் இந்தியாவுக்குப் போகப் பதுளை ரயில் நிலையத்தில் கோச்சி ஏறினார்கள். அவர்கள் வைத்த கைரேகை வைத்ததுதான். அதை வெட்ட யாரும் மலை ஏறி வரவில்லை. ஸ்டேஷனில் மாடசாமி அதிகம் பேசவில்லை, அவருக்குப் பேசாமலிருந்து பழகிவிட்டது. பலகையைக் கொண்டுபோகலாமா என்று பெரியாயி கேட்டதற்கு, அது அங்கேயே கிடக்கட்டும் என்றார். கோச்சி வளைவில் திரும்பும்வரை தனலெட்சுமி நின்றாள். பிறகு பெயர்ப்பலகையை வாசித்து பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் புஞ்சி மெனிக்கே கூடையை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, அடுப்போரத்துப் பலகையில் உட்கார்ந்தாள். பெரியாயி போனதைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. எழுந்து நின்றாள், சிங்களம் வந்தது. உட்கார்ந்தாள், போய்விட்டது. தனலெட்சுமி அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பலகையின் அளவுக்குத் தமிழ் வந்தது, அது மட்டும்தான் வந்தது. மாடசாமி பதினொரு வருஷம் பேசாமல் வைத்திருந்தது அதில் இறங்கியிருக்கும் என்றார் பாறூக் முதலாளி. பெரிய கங்காணி இப்போதும் தகரம் என்றார். புஞ்சி மெனிக்கேக்குக் காரணம் முக்கியமாகப் படவில்லை. காலும் வலித்தது, உட்காரவும் வேண்டும், பேசாமலும் இருக்க முடியாது. ஆகவே அன்றைக்கே தனலெட்சுமியிடம் கேட்டு 'தண்ணி' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாள்.

தனலெட்சுமி மூன்றாவது, நான்காவது வரிகளை முடித்துக்கொண்டு 1980இல் திரும்பி வந்தாள். காம்பராவைப் பாடசாலையோடு சேர்த்துக்கொண்டார்கள். தமிழ் பழகக் கீழ்க் கிராமத்துத் தபால்காரர் வந்தார், புதிய சின்னத்துரை வந்தார், பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். பலகையில் ஒருவர்தான் உட்காரலாம் என்பதால் முறை வைத்து உட்கார்ந்தார்கள். 1982இல் வட்டாரக் கல்வி அதிகாரி பார்வையிட்டு, 'வகுப்பறையில் சிங்களம், பலகையில் தமிழ். பலகை போதாது, பெஞ்சு ஒன்று தேவை' என்று அறிக்கை எழுதினார். ஏழு மாதத்தில் பெஞ்சு வந்தது. அதில் சிங்களம்தான் வந்தது. முறைக்குக் காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்துகொண்டார்கள்.

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெரியாயி சொல்லி யாரோ எழுதும் கடிதம் மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். அப்பா சுகம், வேலைக்குப் போகிறார், வீட்டுக்குள் சிங்களத்தில் மட்டுமே பேசுகிறார், அக்கம்பக்கத்தார் பழகிவிட்டார்கள் என்று அதில் இருக்கும். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு தனலெட்சுமி அந்தக் கடிதத்தோடு பலகையில் உட்காருவாள். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். பிறகு எழுந்து, விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவாள்.